நல்லம்பள்ளிக் கிணறும் பழையாற்றுக் கடலும்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் வருகிறது நல்லம்பள்ளி. செவ்வாய்க்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையால் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கிய ஊர். மேற்கிலும் தெற்கிலும் மலைக்குன்றுகள், நடுவே மரவள்ளியும் சாமந்தியும் கேழ்வரகும் மாறி மாறி வரும் மேட்டுக்காடுகள். நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் கடலூர்க் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கடலைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை, பேச வேண்டிய தேவையும் வந்ததில்லை.

ஆனால் நான் வந்தது கடலை மனத்தில் வைத்துத்தான். இந்த ஊர்க் கிணற்றில் கலக்கும் கேடு எந்த வழியாகப் போகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தண்ணீரின் கூடவே நடந்து பார்ப்பது என் எண்ணம். கிணற்றடியில் தொடங்கி ஓடை, அணை, ஆறு, கழிமுகம் என்று அந்த வழி நீள்கிறது.

தர்மபுரி மாவட்டத்து மழைநீர் இரண்டு கடல்வாய்களுக்குப் பிரிந்து போகிறது. மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்து நீர் தென்பெண்ணையில் சேர்ந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மேற்குப் பக்கத்து நீர் காவிரிக்குப் போகிறது. நல்லம்பள்ளிப் பக்கத்து ஓடைகள் மேற்கே நாகாவதியையும் தெற்கே தொப்பையாற்றையும் தேடிப் போகின்றன. இரண்டுமே மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கலப்பவை. அங்கிருந்து திருச்சி, கொள்ளிடம், பழையாறு, வங்கக் கடல்.

மஞ்சளாகும் தண்ணீர்

நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பிரியும் தார்ச்சாலையில் ஒரு சிற்றூர். மேல்நிலைத் தொட்டியின் நிழலில், மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் தண்ணீர் சோதிக்கும் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஐவரில் இவர் ஒருவர். பெட்டிக்குள் சிறு சிறு புட்டிகள், கண்ணாடிக் குழாய்கள், நிறக்கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை.

கைப்பம்பில் நாலு அடி அடித்து, முதல் தண்ணீரைக் கீழே விட்டு, பிறகு வந்ததைக் குழாயில் பிடித்தார். கோடு வரைக்கும் அளவு பார்த்தார். ஒரு புட்டியிலிருந்து சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். இளஞ்சிவப்பாக இருந்த மருந்து தண்ணீரோடு சேர்ந்ததும் ஆரஞ்சாகி, கொஞ்ச நேரத்தில் மஞ்சளுக்குப் போனது. அட்டையை வெயிலில் பிடித்து நிறத்தை ஒப்பிட்டுக் காட்டினார். ஒன்றரை என்று போட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தது.

"ரோஸாவே நின்னா நல்ல தண்ணி சார். மஞ்சளாயிட்டா குடிக்கக் கூடாது. இந்தப் பம்புல எப்பவுமே மஞ்சதான்."

அந்த மஞ்சள் சொல்லும் பொருளின் பெயர் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அமைப்பின் வரம்பு. அதற்கு மேல் பல்லாண்டுகள் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை வரும். பிறகு எலும்பைப் பிடிக்கும். 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரோசிஸ் என்ற இந்த நோயை மருத்துவர்கள் அடையாளம் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இதுபற்றி முதலில் வெளிவந்த மருத்துவக் குறிப்புகள் அவைதான்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார்.

"கீழ உக்கார முடியாது கண்ணு. குனிஞ்சு குடத்த எடுக்க முடியாது. கழுத்தத் திருப்பணும்னா ஒடம்போட திரும்பணும்."

"எத்தனை வருஷமா ஆயா?"

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப நல்லாத்தான் இருந்தேன். எம்மவன் பெரியவனானதுக்கு அப்புறம் புடிச்சுக்கிச்சு. அப்பல்லாம் இந்தப் பம்புத் தண்ணிதான்."

இது யாரும் கொண்டுவந்து கொட்டிய நஞ்சு இல்லை, பாறையிலேயே இருப்பது. இந்த மாவட்டத்தின் அடியில் கிடக்கும் கிரானைட், நைஸ், சார்னகைட் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருக்கும்வரை ஃபுளோரைடு அளவுக்கு மீறிக் கரைவதில்லை. வறண்ட நாட்டில், ஆவியாதல் மிகுந்த மண்ணில், அந்தச் சுண்ணாம்பு சுக்கான் கல்லாகப் படிந்துவிடுகிறது. சுண்ணாம்பு குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீர் பாறையிலிருக்கும் ஃபுளோரைடை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவுக்கு இது கூடும்.

பாறை படைத்த கேட்டைப் பெருக்கியது நம் கை. கல்லடுக்கிப் படி வைத்த திறந்த கிணறுகள் இந்த ஊர்களில் நிறைய இருந்தன. முப்பது, நாற்பது அடியில் ஊறிய அந்தத் தண்ணீர் மழைக்கு மழை புதிதாவது. அவை வற்றியதும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் வந்தன. இன்று ஆயிரம் அடிக்குப் போர் போடுவதை இங்கே யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. அத்தனை ஆழத்துப் பாறை வெடிப்பில் நெடுங்காலம் கிடந்த தண்ணீரைத்தான் மேலே கொண்டுவந்து குடித்தார்கள்.

இதற்கு மாற்றாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, ரூ.1,900 கோடிக்கு மேல் செலவிட்டு, 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவருகிறது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இந்த மண்ணின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வெள்ளைப் பல்லோடு வளர்வதற்கு அது வழி செய்திருக்கிறது. திண்ணையில் இருந்த மூதாட்டியின் பேத்தி பள்ளியிலிருந்து வந்து சிரித்தபோது அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் ஒகேனக்கல் தண்ணீர் குறையும் நாளில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றுகிறார்கள் என்றார் சோதனை செய்த பெண். தொட்டியில் கலந்தபின் குழாயில் வருவது எது என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த ஊரின் அடுத்த தெருவில் ஓர் ஆர்ஓ சுத்திகரிப்பு நிலையம். கேன் கேனாகத் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். கட்டடத்தின் பின்பக்கம் போனேன். சுவரிலிருந்து நீண்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே, சுத்திகரித்தபின் ஒதுக்கிய தண்ணீர் நிற்காமல் மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஃபுளோரைடும் உப்பும் முன்னைவிடச் செறிவாக இதில் இருக்கின்றன. இது இறங்குவது எந்த மண்ணில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தார்களோ அதே மண்ணில்தான்.

சாமந்திக் காட்டில்

ஊரைத் தாண்டினால் சாமந்தி. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று விலை பார்த்து நடும் பயிர். ஒரு விவசாயி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் யூரியா மூட்டை பிரிந்து கிடந்தது.

"எவ்வளவு போடுவீங்கண்ணா?"

"செடி வெளுத்தா போடுவோம். மழ பேஞ்சு கரைஞ்சு போச்சுன்னா மறுபடியும் போடுவோம். பூவு சின்னதா வந்தா மார்க்கெட்ல எடுக்க மாட்டாங்களே சார்."

கரைந்து போனது எங்கே போகிறது என்பதைத்தான் நான் தேடி வந்திருந்தேன். அவர் கிணறு காட்டின் நடுவிலேயே இருக்கிறது. மேலே ஏழெட்டு அடிக்கு மண், அதற்குக் கீழே நொறுங்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கரைந்த உரம் நொறுங்கிய பாறை வரை தடையில்லாமல் இறங்கும். கிணற்றுச் சுவரில் கசிவு வரும் இடத்தில் ஈரக்கோடு தெளிவாகத் தெரிந்தது. மாட்டுக் கொட்டகை கிணற்றுக்குப் பக்கத்திலேயே. வீட்டுக் கழிவறையின் குழி அதற்கும் சற்று மேட்டில்.

சோதனைப் பெட்டியோடு கூட வந்த பெண் இந்தக் கிணற்றுத் தண்ணீரையும் பிடித்தார். இம்முறை நைட்ரேட் சோதனை. பொடியைப் போட்டுக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தோம். இந்தச் சோதனையில் நிறம் மாறும் திசையே வேறு. நிறமில்லாத தண்ணீர் மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு அடர்ந்த சிவப்பானது. நல்ல தண்ணீர் என்றால் நிறமே வரக்கூடாது.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கும். உடம்பு நீலம் பாரிக்கும். உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நிலத்தடி நீருக்கு வருவது இதுதான். ஃபுளோரைடு பாறை தந்தது, நைட்ரேட் நாம் தந்தது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பயணம் முழுவதும் நினைவில் வைத்துக்கொண்டேன். கடலை அடையும்போது இரண்டின் கதையும் வேறு வேறாகப் பிரிந்துவிடுகிறது.

பாறைக்குள்ளிருந்து ஓடைக்கு

நிலத்தடி நீர் என்றால் பூமிக்கு அடியில் ஒரு பெரிய ஏரி என்று பலர் நினைக்கிறார்கள். தர்மபுரியில் அப்படி ஒன்றும் இல்லை. கெட்டிப் பாறை நாடு இது. வெடிப்புகளிலும் நொறுங்கிய மேலடுக்கிலும் தங்கும் நீர்தான் இருக்கிறது. இந்தப் பாறை வழியாகவே நல்லம்பள்ளித் தண்ணீர் கடல் வரைக்கும் பூமிக்குள்ளேயே போய்விடாது. சரிவைப் பார்த்து நகர்ந்து, பக்கத்துப் பள்ளத்தில் எங்காவது வெளியே வந்துவிடும்.

அப்படி வெளியே வரும் இடத்தைத் தேடித் தொப்பையாற்றுப் பக்கம் இறங்கினேன். சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, தொப்பூர் வழியாக மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு வரும் ஆறு இது. மழை நின்று நாளாகிவிட்டது. ஆனாலும் ஆற்றுப் படுகையின் ஓரமாக நூல் பிடித்தாற்போல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று மேல்நோக்கி நடந்து பார்த்தால் ஊற்றுக்கண் என்று ஒன்று தென்படவில்லை. கரையின் அடிப்பக்கம் பல இடங்களில் மண் நனைந்து, அங்கங்கே கசிந்து, கசிந்ததெல்லாம் சேர்ந்துதான் அந்த ஓட்டம். நனைந்து காய்ந்த இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், துவர்ப்பும் கரிப்பும் கலந்த ருசி.

மழை இல்லாத நாளில் ஓடும் ஆறு என்பது நிலத்தடி நீர்தான். கோடையில் ஓர் ஆற்றில் ஓடும் நீரைச் சோதித்தால், இருகரை நிலத்தின் அடியில் இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். கரைக்கு மேலே இருக்கும் காட்டில் என்ன போட்டார்களோ, தெருவில் என்ன கழித்தார்களோ, அதன் சாறு கொஞ்ச காலம் கழித்து இந்தக் கசிவில் வந்து நிற்கும். எவ்வளவு காலம் என்பது பாறையைப் பொறுத்தது. மேலடுக்கில் போனால் ஓரிரு மழைக்காலத்தில் வந்துவிடும், ஆழ்வெடிப்பில் மாட்டினால் பல பத்தாண்டுகள் ஆகலாம். இன்று உரத்தை நிறுத்தினாலும் ஓடை நாளைக்கே தெளிந்துவிடாததற்குக் காரணம் இந்தத் தாமதம்.

மேட்டூர்ப் பின்நீரில்

நல்லம்பள்ளிக்கு மேற்கே பெரும்பாலை. நாகாவதிக் கரையில், 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர். ஆற்றை நம்பி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே குடியிருந்திருக்கிறார்கள். அதைத் தாண்டி இன்னும் மேற்கே போனால் நாகமரை. எதிர்க்கரையில் பண்ணவாடி. இடையில் மேட்டூர் அணையின் பின்நீர். படகில் ஏறினால் கடல் போலவே இருக்கிறது. 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி உயரத்துக்கு நீர் தேக்குவது, கொள்ளளவு 93.47 டிஎம்சி.

நீர் குறைந்திருந்ததால் கரையோரச் சேற்று நிலத்தில் பயிர் வைத்திருந்தார்கள். நீர் இறங்க இறங்கப் பின்னாலேயே போய் உழுது, உரம் போட்டு, அறுத்துவிட்டு ஏறுவது இங்கே வழக்கம். அடுத்த முறை நீர் ஏறும்போது மண்ணில் எஞ்சிய உரம் அப்படியே கரைகிறது. மேலே ஓடைகள் கொண்டுவருவதும் கூடச் சேர்கிறது. தண்ணீர் தேங்கி வெயில் ஏறிய பருவங்களில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கத்துப் பின்நீர் பச்சைச் சாயம் கரைத்தது போல மாறி நாற்றமெடுப்பது அடிக்கடி நடப்பது. அப்போதெல்லாம் நீர்வளத் துறையினர் நுண்ணுயிர்க் கரைசலைப் படகில் கொண்டுபோய்த் தெளிப்பார்கள்.

அந்தப் பச்சை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தின்று கொழுத்த பாசி. கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றில் கரைந்திருந்த பொருள் கண்ணுக்குத் தெரியும் முதல் இடம் இது. நல்லம்பள்ளிச் சாமந்திக் காடு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. கர்நாடகத்தின் நகரங்கள், காவிரியில் கலக்கும் பாலாறு, சின்னாறு, ஒகேனக்கல் என்று மேலே இருக்கும் எல்லாவற்றின் பங்கும் இதில் உண்டு. ஆனால் நல்லம்பள்ளியின் பங்கும் இருக்கிறது.

இங்கே ஒரு சுற்று நடப்பதையும் பார்க்க வேண்டும். ஒகேனக்கல்லில் எடுத்த காவிரி நீர் நல்லம்பள்ளி வீடுகளில் குடிநீராகி, சாக்கடையாகி, மண்ணில் இறங்கி, நாகாவதியிலும் தொப்பையாற்றிலும் கசிந்து, ஒகேனக்கல்லுக்குக் கீழே உள்ள மேட்டூரில் மறுபடி காவிரியாகிறது. அங்கிருந்து திருச்சி, முக்கொம்பு, கொள்ளிடம், கீழணை, வடவாறு என்று போய் வீராணத்தில் தேங்குகிறது. 2004இல் தொடங்கிய புதிய வீராணம் குழாயில் ஏறிச் சென்னைக்கும் போகிறது. ஆகவே நல்லம்பள்ளியின் தண்ணீரைப் பற்றிப் பேசுவது நல்லம்பள்ளிக்காரர்களின் வேலை மட்டும் என்று யாரும் இருந்துவிட முடியாது.

கழிமுகத்தில்

கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்தில், மயிலாடுதுறை மாவட்டத்தின் வடகோடியில் பழையாறு மீன்பிடித் துறைமுகம். வடக்கே சற்றுத் தள்ளிப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. மேட்டூரில் பச்சையாகப் பார்த்த நீர் இங்கே வருவதற்குள் நிறைய மாறிவிடுகிறது. பாசி கொஞ்சத்தைத் தின்றுவிடும், சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்துக் காற்றாக்கிவிடும், வயல்கள் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதே சமயம் டெல்டாவின் நெல் வயல்களும் ஊர்களும் தங்கள் பங்கைச் சேர்த்துவிடுகின்றன.

துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மூத்த மீனவரிடம் பேசினேன். ஆற்று வெள்ளம் வந்தால் கடல் எவ்வளவு தூரம் கலங்கும் என்று கையை நீட்டிக் காட்டினார். பிறகு நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார்:

"ஆத்துல தண்ணியே வராத மாசத்துலயும் கரையோரமா அடியில ஊறும் தம்பி. நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப மணல்ல கையால தோண்டிக் குடிப்போம். கடலு பக்கத்துல இருக்கு, தண்ணி இனிக்கும்."

அவர் சொன்ன அந்த ஊற்று, ஆற்றின் வாய்க்கு வராமல் நிலத்தின் அடியிலேயே நகர்ந்து கடற்படுகையில் கசியும் நிலத்தடி நீர். தமிழர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். இராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வடகரையில் கீரிமலைக் கேணியில் ஊறிய நன்னீர் அப்படியே கடலில் கலக்கிறது. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல் நிலம். அங்கே வலிகாமத்துத் தோட்டங்களில் போட்ட உரம் கிணறுகளில் நைட்ரேட்டாக நிற்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத அந்தக் குடாநாட்டில் அது கடலுக்குப் போகும் முக்கிய வழி நிலத்தடிதான்.

கடலடியில் கசியும் இந்த நீரைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கருவி உண்டு. இருநூறு லிட்டர் இரும்பு டிரம்மைக் குறுக்கே அறுத்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஆழம் குறைந்த கடற்படுகை மணலில் அழுத்திவிடுவார்கள். மேலே ஒரு துளையில் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கும். மணலிலிருந்து கசிவது பையில் சேரும். எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்துவிடலாம். இந்த முறை 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

பரந்த கரையை அளக்க டிரம் போதாது. அங்கே ரேடான் உதவுகிறது. பாறையில் இயல்பாக உள்ள யுரேனியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு நிலத்தடி நீரில் நிறையக் கரைந்திருக்கும், கடல்நீரில் மிகக் குறைவு. 3.8 நாளில் பாதி அழிந்துவிடும். எனவே கடலில் ஓரிடத்தில் ரேடான் திடீரென்று கூடினால், அங்கே நிலத்தடி நீர் அண்மையில்தான் கசிந்திருக்கிறது என்று பொருள். கொலைகாரன் விட்டுப்போன கைரேகையைப் போல ஆராய்ச்சியாளர்கள் இதைப் பின்தொடர்கிறார்கள். புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொள்ளிடக் கழிமுகத்திலேயே ரேடானை வைத்து இந்தக் கசிவை ஆராய்ந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இந்தியக் கரை முழுவதற்குமாக இந்த ஆய்வை எடுத்துச் செய்கிறது. வந்த நைட்ரேட் உரத்திலிருந்தா, சாக்கடையிலிருந்தா என்பதைக் கூட அதிலுள்ள நைட்ரஜன் அணுக்களின் எடை வேறுபாட்டை வைத்துப் பெருமளவு பிரித்துச் சொல்ல முடியும்.

1996இல் அமெரிக்க விஞ்ஞானி வில்லார்ட் மூர், ரேடியத்தை அளந்து, அந்நாட்டின் தென்கிழக்குக் கரையில் நிலத்தடி வழியாகக் கடலுக்கு வரும் நீர் அங்குள்ள ஆறுகள் கொண்டுவருவதில் 40 விழுக்காடு அளவுக்கு இருக்கும் என்று கணக்கிட்டார். மணலுக்குள் போய்த் திரும்பும் கடல்நீரும் அதில் அடக்கம். நன்னீரை மட்டும் பார்த்தால் உலக அளவில் ஆற்று நீரோடு ஒப்பிட இது சிறிய பங்குதான். ஆனால் ஆற்று நீரைவிடச் செறிவாக நைட்ரேட்டைச் சுமந்து, கரையோரத்தில், மீன் குஞ்சு பொரிக்கும் ஆழமில்லாத இடத்திலேயே விடுகிறது. அதனால்தான் சிறிய பங்கும் பெரிதாகிறது.

இங்கே வந்தபோதுதான் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பிரிந்தன. கடல்நீரில் இயல்பாகவே லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு. நல்லம்பள்ளி மூதாட்டியின் கழுத்தைப் பூட்டிய பொருள் கடலுக்குப் புதிதில்லை, அதனால் கடலுக்குத் தீங்கில்லை. கடலுக்குத் தீங்கு செய்வது நைட்ரேட். கடற்பாசி பெருகி, இறந்து, அழுகும்போது நீரில் உள்ள உயிர்க்காற்று தீர்ந்துவிடும். மிசிசிப்பி ஆறு அமெரிக்காவின் நடுவிலுள்ள சோளக் காடுகளின் உரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் மீன் வாழ முடியாத பரப்பு உருவாகிறது. 2017இல் அது 22,700 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. அந்த உழவர்களில் பெரும்பாலோர் கடலை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள். நம் கரையிலும் 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இரவில் நீலமாக ஒளிர்ந்த நாக்டிலூகா என்ற நுண்ணுயிரியைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அதே ஆண்டு மன்னார் வளைகுடாவில் அந்த உயிரி பெருகிய இடங்களில் மீன்கள் செத்து ஒதுங்கின.

இப்போதே செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்ட கதைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடந்தவை. முதலில் ஆலை, பிறகு கிணறு கெடுவது, பிறகு வழக்கு, கடைசியில்தான் சோதனை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டபின் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீர்கேடு செய்தவரே செலவு ஏற்க வேண்டும் என்ற நெறியை நாட்டுக்கே நிலைநாட்டிய அந்தத் தீர்ப்புக்குப் பிறகும், அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டுத் திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாகிவிட்டது, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கடலூர் உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் தங்கள் கிணறுகளைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். அங்கே நிலத்தடிக்கும் கடலுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

இப்போது நல்லம்பள்ளி வட்டத்திலும் அதியமான்கோட்டை, தடங்கம் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிழைக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை வரட்டும் என்று இங்குள்ளவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. நான் கேட்பது ஒன்றுதான்: முதல் ஆலையின் புகைபோக்கி எழும்புவதற்கு முன்னால், சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரின் கிணறும் போரும் ஓடையும் சோதிக்கப்பட்டு, அந்தக் கணக்கு எழுதி வைக்கப்பட வேண்டும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் மட்டும் போதாது, குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் அதில் இருக்க வேண்டும். பின்னால் கிணறு கெட்டால், "உங்கள் பாறையே அப்படித்தான்" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பாறை தந்தது எது, மனிதன் தந்தது எது என்று பிரித்துக் காட்ட, முன்பே எடுத்து வைத்த அந்தக் கணக்கு ஒன்றுதான் சாட்சி. இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுந்த ஊருக்கு இது மற்ற ஊர்களைவிட அவசியம்.

செலவு பெரிதில்லை. பெட்டி ஊரில் இருக்கிறது, பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். உலோகங்களுக்கு மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் புட்டியில் பிடித்து அனுப்ப வேண்டும். ஆர்ஓ ஒதுக்கு நீரைக் கிணற்றடியில் விடாமல் தடுக்க ஊராட்சித் தீர்மானம் போதும். சாமந்திக் காட்டுக்கு மண் பரிசோதனை செய்து, செடி கேட்கும் அளவுக்கு மட்டும் யூரியா போட்டால் விவசாயியின் கைக்காசும் மிஞ்சும். கிணற்றிலிருந்து தள்ளிக் கொட்டகையும் கழிவறைக் குழியும் கட்டுவது வீடு கட்டும்போதே முடிவு செய்யக்கூடியது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். அந்த நாளில் நல்லம்பள்ளி ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும், சோதித்த பெண்களே எழுந்து, எந்தக் கைப்பம்பில் என்ன நிறம் வந்தது, எந்தக் கிணற்றில் எவ்வளவு வந்தது என்று பெயர் சொல்லிப் படிக்க வேண்டும். படித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த ஆண்டு மார்ச் 22இல் அதே கிணறுகளை மறுபடி சோதித்துப் பக்கத்திலேயே எழுத வேண்டும். மேட்டூரிலும் பழையாற்றிலும் இருப்பவர்கள் தங்கள் தண்ணீருக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு நாள் கேட்டு வந்தால், பதில் அந்தப் புத்தகத்தில் இருக்கும்.